வரைமேசைக்கு வருமுன்

அன்புள்ள மகளுக்கு,

பயிற்சிக்குச் சேரலாமா என்று கேட்டு நீ அனுப்பியிருந்த அந்தச் சின்ன நிறுவனத்தின் அறிமுகத் தாளைப் படித்தேன். ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் நாலு வரி. ஒருவர் அகமதாபாத்தில் படித்தவர், ஒருவர் வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்தவர், இன்னொருவர் சிவில் எஞ்சினியராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர். கடைசியில் ஒரு பெண், நாடகத்துக்கு அரங்கம் அமைத்துக்கொண்டிருந்தவராம். “இவங்க எல்லாம் எங்கெங்கயோ இருந்து வந்திருக்காங்க பெரியப்பா, இது ஒழுங்கான ஆபீஸ்தானா?” என்று கேட்டிருக்கிறாய்.

அந்த நாலு வரிகளை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன். எல்லோரும் கல்லூரிப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நீ வேறொன்றைப் பார்: இந்த மனிதருக்கு எது தெரியாது, அது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியுமா? ஐந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் முன்பு என்னவாக இருந்தார் என்பது கட்டடத்தில் தெரியாமலே கரைந்துபோகும். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் அது கூரையில் தெரியும், முற்றத்தில் தெரியும், சில சமயம் பில்லிலும் தெரியும்.

இதற்குக் கொழும்பில் இருந்த ஓர் ஆபீஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பெயர் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக். மூன்றும் ஆங்கிலேயர் காலத்துப் பெயர்கள். உலகம் அதை ஜெஃப்ரி பாவாவின் ஆபீஸ் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. உங்கள் பாடத்திலும் பாவாவின் பெயர் வந்திருக்கும், அனேகமாக ‘வெப்பமண்டல நவீனம்’ என்ற தலைப்பின் கீழே, ஒரு நீச்சல் குளத்தின் படத்தோடு. அந்தக் குளத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்ப்போம்.

பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற வழக்கறிஞர். மகனும் அந்த வழியில்தான் போனார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு லண்டனில் சட்டம், 1944-இல் பாரிஸ்டர். கொழும்புக்குத் திரும்பிக் கொஞ்ச காலம் வக்கீலாகவும் இருந்து பார்த்தார், ஒட்டவில்லை. அம்மா இறந்த பிறகு ஊர் உலகமெல்லாம் சுற்றினார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாமா என்றுகூட யோசித்தவர், 1948-இல் ஊர் திரும்பி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரியோரமாகக் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. இத்தாலியில் பார்த்த தோட்டங்களைப் போல ஒன்றை இங்கே உருவாக்கிவிட வேண்டும் என்பது ஆசை. மண்ணைக் கிளறத் தொடங்கிய பிறகுதான் ஆசை இருக்கிறதே தவிர தொழில்நுணுக்கம் கையில் இல்லை என்பது புரிந்தது.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனி. ‘எனக்குத்தான் ரசனை இருக்கிறதே’ என்று உட்கார்ந்துவிடவில்லை. 1951-இல் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் எஞ்சியிருந்த ஒரே பங்குதாரரான ரீடிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே ரீட் இறந்துபோனார். பாவா மறுபடியும் லண்டனுக்குக் கப்பலேறி, ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளைய பிள்ளைகளோடு படித்து, 1957-இல் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு வயது 38. திரும்பி வந்து அதே பழைய நிறுவனத்தில் பங்குதாரரானார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 38 வயது வரை நிதானமாகத் தேடிக்கொண்டிருக்கக் குடும்பச் சொத்து வேண்டும். பாவாவுக்கு அது இருந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைப் பூசி மெழுகி, ஏதோ ஞானம் பிறந்தது போல எழுதுகிறார்கள். நம் வீட்டில் அப்படி ஓர் ஏரிக்கரைத் தோட்டம் கிடையாது என்பது உனக்கே தெரியும். அதனால் அவர் தொழில் மாறியதை நீ பின்பற்ற வேண்டாம். மாறிய பின்னும் ஐந்தாறு வருடம் படிப்புக்குக் கொடுத்தாரே, அதைப் பார்.

வக்கீல் படிப்பு வீணாய்ப் போயிற்றா? பாவா வாழ்ந்த உலகம் வக்கீல்கள், அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், கலைஞர்கள் நிறைந்தது. வீடு கட்டச் சொல்லி முதலில் வந்தவர்களும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டதையும் பிடித்துக்கொள்ளும் வித்தையை நீதிமன்றத் தொழில் கற்றுக்கொடுக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ஓட்டைச் சரிவாக எப்படி அடுக்கினால் ஒழுகாது என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுத் தராது.

அதற்கு ஒரு டேனிஷ்காரர் வந்தார். உல்ரிக் பிளெஸ்னர், கோபன்ஹேகனில் படித்த இளைஞர். அவரை இலங்கைக்கு அழைத்தவர் பாவா இல்லை, மினெட் டி சில்வா. மினெட்டின் பெயரை உன் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்களா? கண்டியில் பிறந்தவர், அரசியல்வாதி ஜார்ஜ் ஈ. டி சில்வாவின் மகள். பம்பாயில் படித்துக்கொண்டிருந்தபோது சுதந்திரப் போராட்டத்தை ஒட்டிய வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டு, மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டவர். பிறகு லண்டனில் படித்து, 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் அசோசியேட் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். உள்ளூர்க் கைவினையையும் நவீனக் கட்டடக்கலையையும் ஒன்றாக வைத்து அவர் கண்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது பாவா இன்னும் படிக்கவே தொடங்கவில்லை. பிளெஸ்னர் 1958-இல் வந்து அவரிடம் கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டுக் கொழும்புக்கு, பாவாவின் ஆபீஸுக்கு, மாறிக்கொண்டார்.

மினெட்டின் பெயர் ஏன் இத்தனை காலம் மங்கிக் கிடந்தது என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். பெண் என்பதும் ஒன்று. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: அவருடைய ஆபீஸின் பாரமெல்லாம் அவர் ஒருவர் தோளிலேயே இருந்தது. பாவாவுக்குப் பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள்.

பாவாவும் பிளெஸ்னரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வரைந்த ஏழெட்டு வருடங்கள்தான் அந்த ஆபீஸின் உச்சம் என்று சொன்னால் பாவாவின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கூரையைப் பார். 1960-களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பு. உள்ளூரில் கிடைப்பது களிமண் ஓடு. அந்த அரைவட்ட ஓட்டை மட்டும் வேய்ந்தால் பருவமழைக்கு ஒழுகும். ஒழுகாமல் இருக்கச் சரிவைக் கூட்ட வேண்டும். காற்றில் நகர்ந்த ஓட்டை வருடா வருடம் மாற்றி அடுக்க வேண்டும். நெளிநெளியான சிமெண்டுத் தகடு போட்டால் தண்ணீர் இறங்காது. ஆனால் வெயிலில் உள்ளே இருக்க முடியாது, பார்க்கவும் கோடவுன் மாதிரி இருக்கும். இந்த ஆபீஸில் இரண்டையும் சேர்த்தார்கள். அடியில் தகடு, அதன் நெளிவுகளில் படியுமாறு மேலே ஓடு. தண்ணீரைத் தகடு பார்த்துக்கொள்ளும், வெயிலை ஓடு பார்த்துக்கொள்ளும். சரிவைக் குறைக்க முடிந்தது, தாழ்வாரத்தை நீட்ட முடிந்தது. இலங்கை முழுக்க இந்த முறை பரவிற்று. (அந்தக் காலத்துத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்பது வேறு கதை.) இத்தாலியத் தோட்டக் கனவோடு வந்த ஒரு வக்கீலும், கட்டுமான நுணுக்கத்தை ஒழுக்கமாகக் கற்ற ஒரு டேனிஷ்காரரும் ஒரே மேசையில் இருந்ததால் வந்த கூரை அது என்று நான் நினைக்கிறேன்.

பொலொந்தலாவையில் ஒரு தோட்ட பங்களா. சுற்றிலும் பெரும் பாறைகள். இருவரும் அந்த இடத்திலேயே நின்று, குச்சியும் கயிறும் வைத்து வீட்டைத் தரையில் குறித்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. கூரை பாறை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் கோடு இழுத்துப் பழகிய உனக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். சைட்டில் நம் மேஸ்திரி நூல் கட்டிக் கடைக்கால் குறிப்பதை ஒரு நாள் முழுக்க நின்று பார், அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று தெரியும்.

அதே ஆபீஸில் லக்கி சேனநாயக்க இருந்தார். கட்டடக்கலைப் பட்டம் கிடையாது. ஓவியர், சிற்பி. படம் வரைகிறவராக உள்ளே வந்தார். உங்கள் நூலகத்தில் பாவாவின் கட்டட வரைபடங்கள் இருக்கும் புத்தகம் இருந்தால் எடுத்துப் பார். மரம் என்றால் நாம் ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்போம் இல்லையா? அங்கே ஒவ்வொரு மரமும் அதனதன் இலையோடு நிற்கும். தென்னை தென்னையாக, அரளி அரளியாக. அந்தப் பாணியை அந்த ஆபீஸில் ஊன்றியவர்களில் லக்கி முக்கியமானவர். மரத்தை அப்படி வரைய வேண்டுமென்றால் அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நிழல் தருகிறது, கிளை எந்தப் பக்கம் நீள்கிறது என்று அளவெடுக்க வேண்டும். அளவெடுத்த மரத்தை வெட்டக் கை வராது. சுவர்தான் விலகிப் போகும். பின்னாளில் நாடாளுமன்ற மண்டபத்துக்குப் பனையோலை வடிவத்தில் பெரிய விளக்கைச் செய்தவரும் அவரே. 1979-இல் இலங்கையின் செடிகொடி, பறவை, விலங்குகளைக் கொண்ட ரூபாய் நோட்டு வரிசையை வரைந்தவரும் அவரே. ஆபீஸ் அறிமுகத் தாளில் இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்தால் நீ ‘ஒழுங்கான ஆபீஸ்தானா’ என்று கேட்டிருப்பாய்!

இஸ்மத் ரஹீம் என்றொருவர். கட்டடக்கலைஞர்தான், ஆனால் பறவைகளிலும் பழைய புகைப்படங்களிலும் பைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கைப் புகைப்படக்கலையைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். கைத்தறித் துணிகளை வடிவமைத்த பார்பரா சன்சோனி ஆபீஸ் ஊழியர் இல்லை, ஆனால் அந்த வட்டத்தில் ஒருவர். பிளெஸ்னர், பார்பரா, லக்கி, ரஹீம் எல்லோருமாகச் சேர்ந்து தீவின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடிப் போய் அளந்து வரைந்தார்கள். சம்பளத்துக்காக அல்ல. அந்த அளவுகள்தான் பிறகு புதுக் கட்டடங்களுக்குள் தாழ்வாரமாகவும் திண்ணையாகவும் வந்து சேர்ந்தன.

வாலன்டைன் குணசேகரவும் அங்கேதான் இருந்தார். அவருடைய மோகம் கான்கிரீட்டில். பிறகு பிரிந்து போய்த் தனியே தொழில் செய்தார். தங்காலையில் அவர் கட்டிய ஹோட்டலைப் பார்த்தால் பாவாவின் கூரை அவருக்கு ஏன் போதவில்லை என்று புரியும். ஒரு சின்ன ஆபீஸில் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிளெஸ்னரும் 1960-களின் நடுப்பகுதி தாண்டியதும் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்து வீடுகள் இருவரும் சேர்ந்து செய்தவை என்பதைப் பின்னாளில் தன் நினைவு நூலில் அழுத்தமாகப் பதிவு செய்தார். ஆபீஸ் பெயரில் வரும் கட்டடத்தில் யார் கை எவ்வளவு என்ற வழக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நீ சேரப் போகும் இடத்தில், வரைபடத்தின் மூலையில் இருக்கும் பெயர்க் கட்டத்தைப் பார். ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்ற இடங்களில் உண்மையான பெயர்கள் இருக்கின்றனவா, காலியாக இருக்கிறதா என்று கவனி.

வீட்டுக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. ஈனா டி சில்வாவின் கணவர் இலங்கைக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். ஈனாவின் தந்தையும் அதே பதவியில் இருந்தவர். ஈனாவோ பழைய கண்டி வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர். கொழும்பு அல்ஃபிரட் பிளேஸில் இருந்த மனை பெரியதல்ல. நடுவில் முற்றம் வேண்டும், வீடு பழைய மாதிரி இருக்க வேண்டும், இந்தக் காலத்து வீடாகவும் இருக்க வேண்டும் என்றார். 1960 முதல் 1962 வரை கட்டினார்கள். வெளியே மதில், உள்ளே முற்றத்தைச் சுற்றி எல்லாம் திறந்த வீடு. முற்றத்தில் மாமரம், கருங்கல். அந்த வீட்டில் இருந்துதான் ஈனா பாடிக் துணி வேலையைத் தொடங்கினார், லக்கியின் துணையோடு. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானம் முழுக்க ஈனாவின் பாடிக் துணி. வீடு கட்டச் சொன்னவரே அடுத்த கட்டடத்தில் கூட்டாளி! 2009-க்குப் பின் அந்த மனை கைமாறியபோது, வீட்டை ஓடு ஓடாக, கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவர்களில் ஒருவருக்கும் பெரிய ஆபீஸை நடத்தத் தெரியும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அந்த இடத்துக்கு வந்தவர் பூலோகசுந்தரம். தமிழர், எஞ்சினியர். பிளெஸ்னர் போன பிறகு பாவாவின் பங்குதாரராகி இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட இருந்தார். பாவாவைப் பற்றிய பளபளப்பான புத்தகங்களில் இவருடைய படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தம்தான். 1979-இல் இலங்கை அரசு கோட்டேயில் புதிய நாடாளுமன்றம் கட்டும் வேலையைக் கொடுத்தது. இடம் சதுப்பு நிலம். மண்ணைத் தோண்டி எடுத்து ஏரி ஆக்கி, நடுவில் தீவை நிறுத்தி, அதன் மேல் கட்டடம். ஒப்பந்தக்காரர் ஜப்பானின் மிட்சுயி. 1982 ஏப்ரல் 29-இல் திறந்தாயிற்று. மூன்று வருடம்! சதுப்பில் அடித்தளம், செப்புக் கூரையின் எடை, காற்று, ஜப்பானியர்களோடு தினசரிக் கணக்கு, அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து. இதெல்லாம் இலை இலையாக மரம் வரையும் வேலை இல்லை. அதே காலத்தில் மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகமும் எழுந்துகொண்டிருந்தது. எஞ்சினியர் ஒருவர் பங்குதாரராக இல்லாமல் இந்த இரண்டும் அந்த ஆபீஸால் முடிந்திருக்காது என்பது என் கணிப்பு.

நம் பக்கமும் அவர்கள் வந்திருக்கிறார்கள். 1970-களில் மதுரையில் மில் கிளப் ஒன்றைக் கட்டினார்கள், பழைய தூண்களையெல்லாம் சேர்த்து. சென்னையில் கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தார்கள்.

இனி அஞ்சலேந்திரன். இவரும் தமிழர், அரசியல்வாதி சி. சுந்தரலிங்கத்தின் பேரன். மொறட்டுவையிலும் லண்டனிலும் படித்து, பாவாவிடம் வேலை செய்து, தனியே வந்தவர். இவருடைய ஆபீஸைப் பற்றிக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆபீஸே கிடையாது, வீட்டுத் தாழ்வாரம்தான். செயலாளர் இல்லை, கார் இல்லை, கைபேசி இல்லை. ஒரே சமயத்தில் நாலு மாணவ உதவியாளர்களுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. அந்தத் தாழ்வாரத்தில் இருந்துதான் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள் வரைய‌ப்பட்டன. பாவா ஆபீஸின் சாயல் அவர் வேலையில் உண்டு. ஆனால் வண்ணம் அவருடையது. எட்டுப் பேர் கொண்ட இடத்தையே சின்னது என்று தயங்குகிறாய், இது அதில் பாதிதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இந்தியாவில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். அந்த ஆபீஸில் பதிவு எண் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேள். கூச்சப்படாதே, உன் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும். லக்கிகள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு பதிவு எண் இல்லாமல் உன் கல்லூரி ஒப்புக்கொள்ளாது.

அடுத்து, அந்த முன்னாள் சிவில் எஞ்சினியர். அவர் எஸ்டிமேட் மட்டும் போடுகிறாரா, டிசைன் பேசும்போதும் உட்காருகிறாரா? வேலை முடிந்த பிறகு கூப்பிட்டு ‘பீம் எவ்வளவு’ என்று கேட்கும் இடமாக இருந்தால் அவருடைய நாலு வரி வெறும் அலங்காரம். நாடகத்தில் இருந்து வந்த பெண்ணிடம், அவர் பார்த்த ஒரு வீட்டில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார். பதில் சொல்லும்போது கை பேசினால் அவரோடு மதியம் சாப்பிட உட்கார்.

கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் யார் பேசுகிறார்கள் என்பதையும் விசாரி. அகமதாபாத்தில் படித்தவர் பேசினால் ரொம்ப நல்லது. யாருமே பேசாமல் எல்லாம் வாட்ஸ்அப் படமாகப் போனால் ஆறு மாதத்தில் நீ கணினி மட்டும்தான் கற்றுக்கொண்டு வருவாய். சைட்டுக்கு வாரம் எத்தனை நாள் அனுப்புவார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடு, உதவித்தொகையையும் சேர்த்து. சின்ன ஆபீஸ்களில் சிலர் ‘கற்றுக்கொள்ளத்தானே வருகிறாய்’ என்று காசு பேச்சையே எடுக்கமாட்டார்கள். சென்னையில் தங்கும் செலவு யார் தருவது?

உன் அப்பா பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று சொன்னால் அவன் மேல் கோபப்படாதே. சம்பளத் தேதி தவறாத இடத்தில் மகள் இருக்க வேண்டும் என்று அவன் நினைப்பதில் தப்பில்லை. அங்கே கற்பதற்கும் உண்டு: டெண்டர், சர்வீஸ் வரைபடங்கள், பத்துத் துறைகள் ஒரே மாடியில். ஆனால் பயிற்சிக் காலம் ஒரு பருவம்தான். பட்டம் வாங்கிய பிறகு அந்த வாசல் திறந்தே இருக்கும். அவனிடம் நான் பேசுகிறேன்.

விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி நீயும் நாலு வரி எழுதியிருக்கிறாய். மென்பொருள் பெயர்கள் ஆறு இருக்கின்றன. பிளஸ் டூ விடுமுறையில் தாத்தாவின் பட்டறையில் கதவுச் சட்டம் இழைத்தது அதில் இல்லை. மூன்றாவது வரியாக அதைப் போடு. மென்பொருளை ஒரே வரியில் அடக்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா